நைட்ரோ காருக்கு நாடி பார்ப்பது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட கார் காணொளிக்குக் கீழே நிறைய பேர் "டாக்டர், இது பொம்மையா, நிஜ எஞ்சினா? எப்படி டியூன் பண்றீங்க?"னு கேட்டிருந்தீங்க. ஒருத்தர் மட்டும் "இந்த வயசுல இது தேவையா?"னு கேட்டிருந்தார். அவருக்குத் தனியா பதில் சொல்லிக்கிறேன். மற்றவங்களுக்கு இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நிஜ எஞ்சின்தான். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டூரிங் கார் இது. உள்ளே 2.11 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பிஸ்டன் உங்க சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். ஆனா நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் போகும்.

ஸ்பார்க் பிளக் கிடையாது. அதுக்குப் பதிலா க்ளோ பிளக். அதில் பிளாட்டினம் கலந்த சின்னக் கம்பிச்சுருள். ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் பேட்டரி வைத்துச் சூடாக்குவோம். அப்புறம் மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கிற வேதிவினையும், அமுக்கத்தில் வருகிற சூடும் சேர்ந்து அதைத் தொடர்ந்து கனல வைக்கும்.

எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். பந்தயங்களில் 16 முதல் 25 சதவீதம் வரை நைட்ரோமீத்தேன் சேர்ப்பது வழக்கம். மீதி எண்ணெய். பல தயாரிப்புகளில் அந்த எண்ணெயில் ஆமணக்கும் உண்டு. ஆமா, பாட்டி மூக்கைப் பிடிச்சு வாயில் ஊத்தின அதே விளக்கெண்ணெய்.

இப்போ நான் சொல்லப் போறதை மட்டும் நல்லா மனசுல வாங்கிக்கோங்க. இந்த எஞ்சினுக்குத் தனியா எஞ்சின் ஆயில் கிடையாது. எரிபொருளோடு வருகிற எண்ணெய்தான் உராய்வைத் தடுக்குது. உள்ளே வந்து ஆவியாகிற மெத்தனால்தான் சூட்டில் நல்ல பங்கைக் குறைக்குது. அதனால் எரிபொருளைக் குறைத்தால், அதாவது "லீன்" ஆக்கினால், ஒரு அளவு வரை வேகம் கூடும். அதே நேரத்தில் எண்ணெயும் குறையும், குளிர்ச்சியும் குறையும். எஞ்சின் மிக அழகாக ஓடுகிற இடமும் செத்துப்போகிற இடமும் பக்கத்துப் பக்கத்து வீடு.

எஞ்சினுக்குப் போறதுக்கு முன்னாடி சேஸியைச் சரி பண்ணணும். ஆளாளுக்கு நேரா கார்புரேட்டரில்தான் கை வைக்கிறாங்க. கோணலா நிற்கிற காருக்கு வேகம் கூடினா, கோணலா போய் சீக்கிரமா சுவரில் மோதும், அவ்வளவுதான்.

சமதளமான ஒரு கண்ணாடிப் பலகை வாங்குங்க. கார் அதன் மேல் நிற்கட்டும். முன்பக்கத்தின் நடுப்புள்ளியைக் கத்தி முனையால் மெல்லத் தூக்கினால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் எழும்பணும். ஒன்று முந்தினால் சேஸி முறுக்கியிருக்கு, அல்லது ஸ்பிரிங் அழுத்தம் இடம் வலம் மாறியிருக்குன்னு அர்த்தம். தரையிலிருந்து உயரம் 5 மில்லிமீட்டர் சுமார். பின் சக்கரங்கள் உள்நோக்கி 2 முதல் 3 டிகிரி. கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்வது, ஒன்றரை முதல் 2 டிகிரியில் ஆரம்பிக்கலாம்.

இதெல்லாம் ஆரம்பம்தான். சரியா தப்பான்னு டயர் சொல்லும். இந்த வகைக் காரில் பெரும்பாலும் ஃபோம் டயர். அது பென்சில் ரப்பர் மாதிரி தேயும். ஐந்து நிமிடம் ஓட்டிட்டு வெர்னியர் வைத்து டயரின் உள் விளிம்பையும் வெளி விளிம்பையும் அளங்க. உள்பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால் கேம்பரைக் குறைக்கணும். வெளிப்பக்கம் தேய்ந்திருந்தால் கூட்டணும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். மூணு மருந்தை ஒரே நாளில் ஆரம்பிச்சா, எது கேட்டுச்சு, எதனால் அரிப்பு வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது.

இனி எஞ்சின். புது எஞ்சினைக் கையால் சுற்றினால் மேலே வரும்போது கப்புன்னு பிடிக்கும். பழுதுன்னு நினைச்சு கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீங்க. அலுமினிய பிஸ்டன், பித்தளை உருளை. உருளை மேல்பக்கம் கொஞ்சம் குறுகலாகவே செய்யப்பட்டிருக்கும். சூடானதும் அது விரிந்து சரியான அளவுக்கு வரும். அதனால்தான் புது எஞ்சினை ஹேர் டிரையரால் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்றோம். முதல் நாலைந்து டேங்க் எரிபொருள் கூடுதலான "ரிச்" நிலையிலேயே ஓடட்டும். நிறுத்தும்போது பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்து ஆறவிடணும். மேலேயே விட்டால் ஆறும்போது உருளை அதை இறுக்கிப் பிடிக்கும்.

அடுத்து ஊசி. எங்க ஆஸ்பத்திரி ஊசி இல்லைங்க, கார்புரேட்டர் ஊசி. ஹை ஸ்பீடு நீடிலை முதலில் சரி செய்யணும், அப்புறம் லோ ஸ்பீடு, கடைசியில் ஐடில் திருகு. வலப்பக்கம் திருப்பினால் லீன், இடப்பக்கம் ரிச். ஒரு முறைக்கு, கடிகார முகத்தில் ஒரு மணியிலிருந்து அடுத்த மணி வரை உள்ள தூரம் மட்டும்தான் திருப்பணும். அதுக்கு மேல் கை போகக் கூடாது.

எப்படித் தெரிஞ்சுக்கிறது? நேர் பாதையில் முழு வேகத்தில் போகும்போது பின்னாடி மெல்லிய நீலப் புகை கோடு போட்டாற்போல் வரணும். கெட்டியான புகை வந்து, சத்தம் கொழகொழன்னு இருந்தா ரிச். புகையே காணோம், சத்தம் கீச்சுன்னு ஏறுது, கைவிட்ட பிறகும் எஞ்சின் சட்டுன்னு இறங்காமல் தொங்குது என்றால் லீன். அப்போ உடனே உள்ளே கொண்டு வாங்க.

லோ ஸ்பீடுக்கு ஒரு எளிய சோதனை. எஞ்சின் சூடாக ஐடிலில் ஓடும்போது, கார்புரேட்டர் பக்கத்தில் எரிபொருள் குழாயை விரலால் நசுக்குங்க. சத்தம் லேசாக ஏறி, இரண்டு மூன்று நொடியில் அணைந்தால் சரி. நசுக்கியதும் பட்டென்று அணைந்தால் லீன். ரொம்ப நேரம் இழுத்துட்டு இருந்தால் ரிச்.

"டாக்டர், அதான் டெம்பரேச்சர் கன் இருக்கே"ன்னு கேப்பீங்க. இங்கதான் எனக்கும் மைதானத்துத் தம்பிகளுக்கும் வாராவாரம் தகராறு.

100 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை பொதுவாகச் சொல்லப்படுகிற அளவு. அது தப்பில்லை. ஆனா பளபளக்கும் அலுமினியத்தின் மேல் அகச்சிவப்பு வெப்பமானி உண்மையை விடக் குறைவாகவே காட்டும். பக்கவாட்டில் பிடித்தால் ஒரு எண், க்ளோ பிளக் குழிக்குள் பிடித்தால் வேறு எண். பாடியில் காற்றுத் துளையைப் பெரிதாக்கினால் இன்னொரு எண். போன மாதம் ஒரு தம்பி "இன்னும் 98தான் காட்டுது சார், இடம் இருக்கு"ன்னு ஊசியை முறுக்கிக்கிட்டே போனார். புகை நின்று இரண்டு சுற்று ஆயிடுச்சு. மூன்றாவது சுற்றில் கனெக்டிங் ராட் உடைந்தது. எண் 98லேயேதான் இருந்தது.

பிளக்கைக் கழற்றிப் பாருங்க. கம்பி ஈரமாகப் பளபளத்தால் ரிச். சாம்பல் நிறமாகி நெளிந்திருந்தால் லீன். வெப்பமானி சாட்சிகளில் ஒன்று, நீதிபதி கிடையாது.

நம்ம ஊருக்கு இன்னொரு சங்கதி. வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும். சென்னை மாதிரி ஊரில் ஈரப்பதமும் சேர்ந்து ஆக்சிஜனைக் குறைக்கும். காலை 7 மணிக்கு அருமையாக ஓடிய அதே அமைப்பு மதியம் ரிச் ஆகி மந்தமாயிடும். லீன் பண்ணுவோம், பறக்கும். சாயங்காலம் காற்று குளிர்ந்ததும் அதே அமைப்பு ஆபத்தான லீன். நான் பார்த்தவரை எஞ்சின்கள் அதிகம் இறந்தது மாலை 5 மணிக்கு மேல்தான்.

ஃபெயில் சேஃப் பற்றி ஒரு வார்த்தை. காரைக் கையில் தூக்கிப் பிடித்து, ரிமோட்டை அணைத்துப் பாருங்க. தானாக பிரேக்குக்குப் போகணும். போகலைன்னா அன்று ஓட்டாதீங்க. ஒன்றரை கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஒரு குழந்தையின் கணுக்காலில் மோதினால் என்ன ஆகும்னு எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டாம்.

கடைசியாக, நான் டாக்டராகப் பேச வேண்டிய இடம்.

மெத்தனால் யாருன்னு உங்களுக்குத் தெரியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரைக் குடித்த அதே ஆசாமி. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அது கண் நரம்பைத் தாக்கும். 10 மில்லி கூட நிரந்தரமாகப் பார்வையைப் பறிக்கலாம். எங்க மைதானத்தில் ஒருத்தர் இதைப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி மேசையில் வச்சிருந்தார். ரோஸ் நிறம், பார்க்க ரோஸ்மில்க் கடைச் சர்பத் மாதிரியே இருந்தது. பக்கத்தில் அவர் அண்ணன் பிள்ளைகள் விளையாடிக்கிட்டு இருந்தாங்க. அன்றைக்கு நான் மைதானத்தில் கத்தினது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் "நல்லாத்தானே இருக்கான்"னு காத்திருக்காதீங்க. பாதிப்பு பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். வாந்தி எடுக்க வைக்காதீங்க. டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு அந்த எரிபொருள் கேனையும் கையோடு எடுத்துட்டு ஓடுங்க.

கேன் ஏன்? இதை என் சக மருத்துவர்களும் குறித்துக்கொள்ளுங்கள். கிரியாட்டினினை அளக்கும் ஜாஃபே முறையை நைட்ரோமீத்தேன் ஏமாற்றிவிடும். சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே கிரியாட்டினின் பயங்கரமாக உயர்ந்து காட்டும். யூரியா இயல்பு, கிரியாட்டினின் மட்டும் எக்கச்சக்கம் என்றால் என்சைம் முறையில் மறுபடி பார்க்கச் சொல்லுங்க. கிட்னி போயிடுச்சுன்னு குடும்பத்திடம் அவசரப்பட்டுச் சொல்லிடாதீங்க. மெத்தனாலுக்கான ஃபோமெபிசோல் அல்லது எத்தனால் சிகிச்சையைத் தொடங்க, லேப் ரிசல்ட்டை எதிர்பார்த்துத் தாமதிக்கவும் வேண்டாம்.

எரிபொருள் அதன் சொந்தக் கேனில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். குழாயை வாயால் உறிஞ்சாதீங்க. ஊற்றும்போது கையுறை. பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்கே தெரியாது, அதனால் பக்கத்தில் சிகரெட் வேண்டவே வேண்டாம். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சினுக்குள் மிச்சம் இருப்பதை எரித்து முடித்து, ஆஃப்டர் ரன் ஆயில் நாலு சொட்டு விடுங்க. மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வச்சு பேரிங்கைத் துரு ஏற்றிவிடும்.

டூ ஸ்பீடு கியர், கிளட்ச் பற்றிக் கேட்டவங்களுக்குத் தனி இழை போடுறேன். இப்போ ஓபி நேரம். வெளியே பதினெட்டு பேர் உட்கார்ந்திருக்காங்க.