நீலக் கோடு

வி.எம்.சி. எனும் கணினி நிரலில் ஓடும் மெஷினின் ஆபரேட்டர் ஒருவருக்கு, அவர் செய்யாத தவறுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் விழுந்தது. அந்தத் தவறைச் செய்தவன் நான். அவருடைய மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை; கோளாறு என் கம்ப்யூட்டரில் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

கோவையில் பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறையில் டிசைனராக இருந்தேன். மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் வார்ப்பிரும்பு அடாப்டர் ஒன்றை சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் போட வேண்டியிருந்தது. கேட் (கணினி வரைவு) படிக்க வருகிறவர்கள் ஆரம்பத்திலேயே போட்டுப் பழகும் உருவம்தான். தட்டையாக ஒரு வட்டம் வரைந்து, எக்ஸ்ட்ரூட் கொடுத்துக் கனம் ஏற்றி, நடுவில் துளை போட்டு, சுற்றிலும் போல்ட்டுக்கு நான்கு துளை வைக்க வேண்டும். அந்த நான்கும் உட்காரும் கற்பனை வட்டத்தின் விட்டத்தைப் பட்டறையில் பி.சி.டி. என்போம். மோட்டார் ஃபிளேஞ்சில் அது 130 மி.மீ. அடாப்டரிலும் அதே 130 இருந்தால்தான் போல்ட் ஏறும்.

அந்த பி.சி.டி. வட்டத்தை இழுக்கும்போது கர்சர் பக்கத்தில் ஆரத்தின் அளவு ஓடிக்கொண்டே இருக்கும். 65 என்று வந்ததும் கிளிக் செய்தேன். டைமென்ஷன் கொடுத்துப் பூட்டவில்லை. பூட்டாத கோடு நீலமாக நிற்கும். பூட்டினால் கறுப்பாகும். பக்கத்துப் பட்டியலில் ஸ்கெட்ச்சின் பெயருக்கு முன்னால் ஒரு கழித்தல் குறியும் நிற்கும். இரண்டையும் பார்த்தேன். கோடுகளை நிபந்தனை போட்டுக் கட்டிவைக்கும் இந்த யோசனை 1963-இல் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற வரைபட மென்பொருளிலேயே உண்டு. புதிதாக வரும் பையன்களிடம், "நீலக் கோட்டோட ஃபைலை மூடுனா கையை உடைச்சுப்போடுவேன்" என்று மிரட்டுகிறவனும் நான்தான். விதி அவர்களுக்கு, எனக்கு இல்லை என்ற திமிர். வேகமாக மாடல் போடுகிறவன் என்று பெயர் வேறு. அந்தப் பெயருக்காகச் சில நொடிகளை மிச்சம் பிடித்தேன்.

முதல் லாட் சரியாகவே போனது. பிறகு வாடிக்கையாளர் வெளிவிட்டத்தை 160-லிருந்து 165 ஆக்கச் சொன்னார். ஸ்கெட்ச்சைத் திறந்து மாற்றினேன். கூடவே அந்த நீல வட்டமும் விரிந்துவிட்டது. என் மவுஸ் இழுத்ததா, மென்பொருளே தள்ளியதா என்று ஆராய்வதில் பயனில்லை. பூட்டியிருந்தால் அசைந்திருக்காது. 130 இருந்த இடத்தில் 133. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

புது டிராயிங் எடுக்கவும் சோம்பல். பழைய பிரிண்டிலேயே 160-ஐ அடித்துவிட்டுப் பேனாவால் 165 என்று எழுதினேன். மெஷினுக்கு நிரல் எழுத ஸ்டெப் ஃபைல் அனுப்பினேன். ஸ்டெப்பில் உருவம்தான் போகும். நீலக் கோடும் கழித்தல் குறியும் போகாது. ஃபைலைப் பார்த்து ஆபரேட்டர் சந்தேகப்பட வழியே இல்லை. முதல் பீஸை அளக்க வந்தவரிடம், "வெளிவிட்டம் மட்டும் பாருங்க, மத்ததெல்லாம் பழசுதான்" என்றேன். என் பேச்சை நம்பி அவர் பி.சி.டி.யை அளக்காமல் விட்டார்.

போல்ட் ஏறாமல் அந்த லாட் முழுவதும் திரும்பி வந்தது. துளைகளில் எம்8 மரை போட்டாகிவிட்டது. ராவி நகர்த்த முடியாது. வார்ப்பிரும்பில் வெல்டிங் வைத்து அடைத்தாலும் நம்பிக் கொடுக்க முடியாது. அத்தனையும் பழைய இரும்புக்குப் போனது.

முதலாளி ஆபரேட்டரைக் கூப்பிட்டார். மேசையில் பழைய பிரிண்ட். அதில் 130 என்றுதான் இருந்தது. "மாடல்ல இருந்தபடிதானுங்க ஓட்டுனேன். ஜீரோ பாத்துத்தானுங்க செட் பண்ணுனேன்" என்று ஆபரேட்டர் சொன்னார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"ஜீரோ தப்பியிருக்குமுங்க" என்றேன்.

என்னைத் தீர்ப்பிடுவதானால் இந்த வாக்கியத்தை வைத்துத் தீர்ப்பிடுங்கள். ஜீரோ, அதாவது மெஷின் அளவெடுக்கத் தொடங்கும் புள்ளி, தப்பினால் நான்கு துளையும் சேர்ந்து ஒரே பக்கமாக நகரும். இங்கே நான்கும் மையத்திலிருந்து ஒன்றரை மி.மீ. வெளியே தள்ளி நின்றன. செட்டிங் தவறு அப்படி வராது. வெர்னியர் வைத்து அளந்தவனே நான்தான். அளந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பயந்துதான் சொன்னேன். வேலை போகும் என்றுகூட இல்லை. பெயர் போகுமே என்று. ஆபரேட்டர் கொஞ்ச நேரம் பீஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க சொன்னா சரியாத்தானுங்ணா இருக்கும்" என்றார்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு மாடலைத் திறந்து 130 என்று டைமென்ஷன் கொடுத்தேன். கோடு கறுப்பானது. கழித்தல் குறி மறைந்தது. அதே பெயரிலேயே சேமித்தேன். வெளியே சொல்லும்போது அதற்கு ரிவிஷன் என்று பெயர். நான் செய்தது தடயத்தை அழித்தது.

பிடித்தம் போக மிச்சச் சம்பளத்தை வாங்கிக்கொண்ட ஆபரேட்டர், அடுத்த மாதம் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். 'செட்டிங் சரியா வராத ஆளு' என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. அவர் போன பிறகுதான் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "போனது போச்சு, விடப்பா" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிடித்த பணத்தை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. என் சம்பளத்திலிருந்து கொடுத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. அவர் வேலை செய்யும் பட்டறை எனக்குத் தெரியும். போய்ச் சொன்னதும் இல்லை.

கவனக்குறைவு என்று இதை முடித்துவிட்டால் எனக்கு வசதி. கவனக்குறைவு அந்த நீலக் கோட்டோடு முடிந்தது. வெர்னியரைக் கீழே வைத்த பிறகு நடந்தது அத்தனையும் நான் தெரிந்தே செய்தது.