ஜிம்னிக்குள்ள ஒரு கட்டில்

ஜிம்னி வாங்குனதுல இருந்து ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறது ரெண்டே கேள்விதான். "மைலேஜ் என்ன பாஸ்?" அப்புறம் "இதுக்கு தாரே வாங்கிருக்கலாமே?" பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. நான் இப்ப சொல்லப் போறது ரெண்டுமில்ல. அந்த வண்டிக்குள்ள கட்டில் போட்டுப் படுத்த கதை.

அஞ்சு கதவு ஜிம்னி நம்மூர்ல 2023 ஜூன்ல விற்பனைக்கு வந்தது. நீளம் நாலு மீட்டருக்குள்ள. ஆனா அடியில பார்த்தா குட்டி லாரிதான். தனி சேஸிஸ், முன்னாடியும் பின்னாடியும் முழு ஆக்சில், மேட்டுல ஏற ஃபோர்-லோ கியர். காடு மேடு எல்லாம் போகும், சரி. குடித்தனம் நடத்த இடம்? டிக்கி 208 லிட்டர், பின் சீட்டை மடக்குனா 332. ஒரு பெரிய பிரிட்ஜ் அளவு இடத்துல படுக்கை, அடுப்படி, தண்ணி, துணிமணி எல்லாம் அடங்கணும்.

பெங்களூர்ல இந்த மாதிரி வண்டிகளை மாத்திக் குடுக்கற ஒரு இடத்துல விசாரிச்சேன். படம் எல்லாம் காட்டுனாங்க பாருங்க, சொர்க்கம். கூரை மேல விரியற கூடாரம், இரும்பு டிராயர், குட்டி பிரிட்ஜ், பெரிய பேட்டரி, முன்னாடி வின்ச், 40 லிட்டர் தண்ணி டேங்க். ராத்திரி உக்காந்து எக்செல் ஷீட்ல ஒவ்வொண்ணா எடை போட்டேன் (நமக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம்). கூடாரம் 55 கிலோ, டிராயர் 50, வின்ச்சும் அதுக்கான பம்பரும் 55, தண்ணி 40, பேட்டரி 30, பிரிட்ஜ் 18. ஆக 248.

இந்த ஷீட்டை வீட்ல டேபிள் மேல வெச்சிருந்தப்பத்தான் அப்பா பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது எத்தன பாஸிங்கு கண்ணு?"

அப்பா 26 வருஷம் லாரி ஓட்டுனவர். நாமக்கல்ல இருந்து பம்பாய், குஜராத் லைன். மாசத்துல நாலு நாள் வீட்ல இருந்தா அதிகம். என் ரேங்க் கார்டுல எல்லாம் அம்மா கையெழுத்துதான் இருக்கும். ஆர்.சி.ல போட்டிருக்கற எடைக்கு மேல எத்தனை கிலோ ஏத்துனா எந்தச் செக்போஸ்ட்ல என்ன ஆகும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். வண்டிக்குள்ள ஆசைப்பட்டுப் போய்ப் படுக்கப் போறேன்னு சொன்னதைத்தான் அவரால ஜீரணிக்கவே முடியல. "வீட்ல காத்தாடி போட்டுப் படுக்கறத விட்டுப்போட்டு... எனக்கு வேற வழியில்லைன்னு படுத்தேன்டா."

பாஸிங் கணக்குக்கு வருவோம். ஜிம்னியோட காலி எடை சுமார் 1,200 கிலோ. லோடோட சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,545. ஆக மிஞ்சறது 345 கிலோ, அதுல ஆளும் அடக்கம். அப்பா 78, நான் 74. ரெண்டு பேரும் ஏறி உக்காந்தாலே 152 போச்சு. அந்தச் சொர்க்கத்து 248-ஐயும் சேர்த்தா சரியா 400. படுக்கையும் துணியும் அரிசியும் இன்னும் ஏத்தவே இல்ல! கேம்பர்னா அழகான டிராயரும் மஞ்ச லைட்டும்னு நினைக்கறவங்க இந்தக் கூட்டலை ஒரு தடவை போட்டுப் பாருங்க. அதுவும் கல்லு மேட்டுல போற வண்டிக்கு எடை எவ்வளவுங்கறதோட எங்க இருக்குங்கறதும் முக்கியம். கூரை மேல ஏத்துனா சரிவுல வண்டி சாயப் பாக்கும். பின் ஆக்சிலுக்குப் பின்னாடி குவிச்சா முன்னாடி லேசாயிடும், மேட்டுல ஸ்டியரிங் பிடிமானம் போயிடும். ஜிம்னிக்கு ஸ்டெப்னி வேற பின் கதவுலயே தொங்குது.

இன்னொண்ணு சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.ல இருக்கற விவரம் கம்பெனி முதல்ல சொன்னதுல இருந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. ஆர்.சி.ல சீட் நாலுன்னு இருக்கு, அதனால எதையும் கழட்டல, வெல்டிங் வைக்கல. மடக்கின சீட் மேல வைக்கற பெட்டி, அவ்வளவுதான். பத்து நிமிஷத்துல வெளிய எடுத்துடலாம், வெறும் சாமான் கணக்கு.

கட்டில் செஞ்சது நாமக்கல்ல, லாரி பாடி கட்டற பட்டறையில. அப்பாவுக்குத் தெரிஞ்ச மேஸ்திரி. நான் கம்ப்யூட்டர்ல முப்பரிமாணத்துல வரைஞ்ச படத்தை நீட்டுனேன். அவர் படத்தைப் பாக்கவே இல்ல, அப்பாவைப் பாத்தார். அப்பா வண்டிக்குள்ள ஏறி மல்லாக்கப் படுத்தார். மேஸ்திரி டேப் வெச்சு அவரையே அளந்துட்டார் :)

18 மில்லி பிளைவுட் ஒரு முழு ஷீட் 34 கிலோ வரும். 12 மில்லி 23-தான். அதனால 12 மில்லி, அடியில அலுமினியச் சட்டம். பின் சீட் பாதி பாதியா மடங்கும்ங்கறதால இடது பக்கம் மட்டும் கட்டில், ஆறடிக்கு ரெண்டடி. முன் சீட்டை முன்னாடி தள்ளிச் சாய்ச்சுட்டு, கீல் வெச்ச பலகையை அது மேல விரிச்சா தலைமாடு. ஓடும்போது பலகை மடங்கிக்கும், முன்னாடி ஆள் உக்காரலாம். வலது பக்கப் பின் சீட் அப்படியே விட்டாச்சு. லாரி கேபின்ல டிரைவர் முதுகுக்குப் பின்னாடி ஒரு படுக்கை இருக்கும் பாருங்க, கிட்டத்தட்ட அதே டிசைன். எல்லாம் சேர்த்து 38 கிலோ.

மின்சாரம் சுருக்கமா. ஈய பேட்டரி வேண்டாம், லித்தியம் இரும்பு பாஸ்பேட்ல 12 வோல்ட் 50 ஆம்பியர்-அவர், 640 வாட்-அவர். எடை ஆறு கிலோ சொச்சம். 15 வாட் காத்தாடி எட்டு மணி நேரம் ஓடுனா 120 தான். பிரிட்ஜ் இல்லாட்டி இதுவே தாராளம். 20 லிட்டர் தண்ணி கேனை முன் சீட்டுக்குப் பின்னாடி தரையில கட்டிட்டோம்.

எல்லாம் ஏத்தி, டேங்க் நிரப்பி, ரெண்டு பேரும் உக்காந்து எடை மேடைக்குப் போனோம். முன்னாடி பதினாறு சக்கர லாரி, பின்னாடி சிமெண்ட் லாரி, நடுவுல நாங்க. சீட்டு போடற தம்பி எட்டிப் பாத்து "என்னங்க லோடு?"ன்னான். அப்பா முகத்துல சிரிப்பே இல்லாம "கட்டில்"ன்னார். 1,480 கிலோ. இன்னும 65 பாக்கி. அந்தச் சீட்டை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

அன்னைக்கே கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்துல இருந்து 70 கொண்டை ஊசி வளைவு. மேல அப்பாவோட பழைய லாரி ஓனருக்கு மிளகுத் தோட்டம் இருக்கு, சொல்லி வெச்சிருந்தோம். (வனத்துறை நிலத்துல அனுமதியில்லாம தங்காதீங்க மக்களே, அது சட்டப்படி குத்தம்.) கடைசி ஒரு கிலோமீட்டர் மழை பேஞ்ச செம்மண் தடம். டயர் காத்தை 18-க்கு இறக்கி, ஃபோர்-லோ போட்டு, முதல் கியர்ல ஆமை மாதிரி ஏறுச்சு. அப்பா ஜன்னல் வழியா தலையை நீட்டி சக்கரத்தையே பாத்துட்டு வந்தார். பாதியில "நிறுத்து, நான் ஓட்டறேன்"ன்னார். இறங்கிக் குடுத்துட்டேன்.

தங்கற இடத்துல அவர் போட்ட உத்தரவு எதுவும் யூட்யூப்ல கிடைக்காது. வண்டி மூஞ்சி வெளிய போற பக்கம் பாத்து நிக்கணும். தலைமாடு மேட்டுப் பக்கம் வரணும். ஹேண்ட் பிரேக் போட்டாலும் சக்கரத்துக்குக் கல் வைக்கணும். கண்ணாடி ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் இறக்கி வலை போடணும், இல்லாட்டி மூச்சுக் காத்தே உள்ள தண்ணியா வடியும். அடுப்பு வெளியதான். வடக்க குளிருக்குக் கேபினுக்குள்ள கரி அடுப்பு வெச்சுக் கதவைச் சாத்திப் படுத்த ரெண்டு பேர் காலையில எந்திரிக்கலைன்னு சொன்னார். பேர் எல்லாம் ஞாபகம் வெச்சிருக்கார். நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல.

கட்டில்ல அப்பா, பக்கத்துல சின்னக் கூடாரத்துல நான். பத்து மணிக்கு மழை. காத்தாடிச் சத்தத்தையும் மீறி அவர் குறட்டை கேட்டுச்சு. சின்ன வயசுல அந்தச் சத்தம் வீட்ல கேட்டா, அன்னைக்கு அப்பா இருக்கார்னு அர்த்தம். ரொம்ப நேரம் கேட்டுட்டே படுத்திருந்தேன்.

காலையில கட்டங்காப்பி போட்டுக் குடுத்தேன். டம்ளரைப் புடிச்சுட்டு வண்டியையே சுத்திச் சுத்திப் பாத்தார். வலது பக்கக் கதவைத் திறந்து காலியா விட்ட அந்தச் சீட்டைக் கையால அமுக்கிப் பாத்தார்.

"உங்கம்மா என் வண்டியில சேலம் தாண்டி வந்ததே இல்ல கண்ணு. இந்த சீட் அவளுக்குப் பத்தும்ல?"

சீட் பத்தும். ராத்திரி படுக்க அவங்களுக்குக் கூடாரம், எனக்குத் தார்ப்பாய். அம்மா எடை 62. பாஸிங் பாக்கி 65. சட்டைப் பையில இருந்து அந்த எடைச் சீட்டை எடுத்து அப்பாவும் அதே கணக்கைத்தான் போட்டுட்டு இருந்தார்.

"மூணு கிலோ இருக்குது"ன்னார்.

அம்மா கட்டற முறுக்கு டப்பாவே மூணு கிலோ தாண்டும். தண்ணியைப் பத்து லிட்டராக் குறைக்கலாமான்னு யோசிச்சுட்டு இருக்கோம்.