சொல்லிவிட்டு விடுங்கள்

ஈஸ்ட் ஹாம், லண்டன்



அக்டோபர் நெருங்கினால் இங்கே மருந்துக் கடைகளில் ஒரு சுவரொட்டி தலைகாட்டும். தொடர்ந்து 28 நாள் சிகரெட்டைத் தொடாமல் இருந்துவிட்டால், அடியோடு விடும் வாய்ப்பு ஐந்து மடங்கு கூடும் என்பது அதன் சாரம். 2012இல் அரசு தொடங்கிய ‘ஸ்டாப்டோபர்’ இயக்கம் இது. இதில் எனக்குப் பிடித்தது மருத்துவம் அல்ல, தந்திரம். தனியாக வைராக்கியம் பிடிப்பவனை ஊர் கேலி செய்யும். ஊரே விடுகிற மாதத்தில் சேர்ந்துகொண்டால், “என்னப்பா, வெளியே வரலையா?” என்பவனிடம் “அக்டோபர்” என்று சொல்லி நழுவிவிடலாம்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இந்த முறை சேர்ந்தார். கிடங்கு ஒன்றில் இரவு ஷிஃப்ட் வேலை. ஆங்கிலம் நன்றாகவே வரும். இருந்தும், “நீங்களும் கூட வாங்க சார், ஒரு தைரியத்துக்கு” என்றார். செப்டம்பர் கடைசியில் போனோம்.

மருந்துக் கடையின் பின்பக்கம், மூன்று நாற்காலி போட்டால் நிறைந்துவிடும் அறை. ஆலோசனை சொல்லும் அம்மா, அழுகிய நுரையீரல் படம் எதையும் காட்டவில்லை. உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றில் அட்டைக் குழாயைச் செருகி நீட்டினார். மூச்சை இழுத்துப் பதினைந்து நொடி அடக்கி, பிறகு மெல்ல ஊத வேண்டும். நண்பர் ஊத, திரையில் எண் ஏறிக்கொண்டே போய் 21இல் நின்றது. மூச்சில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடின் அளவு அது. புகைக்காதவர்களுக்கு ஒற்றை இலக்கத்தில்தான் காட்டும். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும் என்றார். நண்பர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார், இத்தனை வருஷச் செலவுக்கு முதன்முதலாக ரசீது கிடைத்தவரைப் போல.

இன்றே நிறுத்து என்று அந்த அம்மா சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதி குறியுங்கள் என்றார். நாள் குறிப்பது நமக்குப் புதிதா? நண்பர் போனில் நாட்காட்டியைத் திறந்து அஷ்டமியையும் நவமியையும் தள்ளி ஒரு நாளைச் சொன்னார். அந்த அம்மாவும் காரணம் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

அடுத்த கேள்விதான் சிக்கல். “நீங்கள் விடப்போவது யாருக்கெல்லாம் தெரியும்?” நண்பர் என்னைக் காட்டினார். “வீட்டில்?” பதில் இல்லை.

அந்த அம்மாவுக்கு எப்படி விளக்குவது? அப்பா தெருமுனையில் வருகிறார் என்றால் சிகரெட்டை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வதை மரியாதை என்று பழகியவர்கள் நாம். வீட்டுப் படியேறுமுன் ஒரு ஹால்ஸ், இல்லாவிட்டால் இரண்டு கிராம்பு. மனைவிக்குத் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். பிடிப்பதே ரகசியம் என்பதால் விடுவதும் ரகசியமாகிவிடுகிறது. ரகசியமாக விடுபவனுக்கு ஒரு வசதி உண்டு. மூன்றாம் நாள் மறுபடி பற்றவைத்தால் கேட்க ஆளில்லை. நம்மவர்களில் பலர் திரும்பத் திரும்பத் தோற்பது இந்த வசதியால்தான் என்பது என் எண்ணம்.

விடுவது தனியாள் வேலை அல்ல என்பதற்குச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஊரில் 1948 முதல் நடந்துவரும் இதயநோய் ஆய்வின் பதிவுகளை ஆராய்ந்து, நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் என்ற ஆய்வாளர்கள் 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தம்பதியில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பர் விட்டால் 36 சதவீதம், உடன்பிறந்தவர் விட்டால் 25. ஒட்டி உறவாடுபவர்கள் கூட்டங்கூட்டமாகவே விட்டிருக்கிறார்கள்.

உடனே வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து ஆதரவாளராக்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். அப்படிப்பட்ட திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, தெளிவான பலன் இருப்பதாகச் சொல்லவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. ஆதரவு என்ற பெயரில் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் போலீஸ் சோதனை. சட்டையை மோந்து பார்ப்பது, பாக்கெட்டைத் துழாவுவது, “ஊது பாப்போம்” என்பது. யாரிடம் என்ன உதவி வேண்டும் என்பதை விடுகிறவர்தான் சொல்ல வேண்டும். அந்த அம்மாவும் ஒரு தாளை நீட்டி அதைத்தான் எழுதச் சொன்னார்.

நண்பர் தமிழில் எழுதினார். மனைவிக்கு: இரண்டு மூன்று வாரம் எரிந்து விழுவேன், மனதில் வைத்துக்கொள்ளாதே, சட்டையை மோந்து பார்க்காதே, சந்தேகம் வந்தால் கேள். உடன் வேலை பார்க்கும் போலந்துக்காரருக்கு: இடைவேளையில் என்னைக் கூப்பிடாதே, நான் கேட்டாலும் கொடுக்காதே. எனக்கு: இரவு இரண்டு மணிக்குப் போன் செய்தால் எடுக்க வேண்டும். ஆசை கிளம்பினால் சில நிமிடம்தான் நிற்கும், அதுவரை பேச்சுக்கு ஓர் ஆள் வேண்டும். எனக்கும் தூக்கம் பிடிக்காத வயது, சம்மதித்தேன்.

நிகோடின் பட்டை, சூயிங்கம், வாராவாரம் ஊதிப் பார்ப்பது எல்லாம் உண்டு. நம்மவர்களுக்கென்றே சொன்னதுபோல் இருந்தது டீ விஷயம். புகையில் உள்ள சில பொருள்கள், கல்லீரல் காஃபீனை வேகமாகக் கரைக்கும்படி செய்துவிடுகின்றன. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைய, வழக்கமான டீயே உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடக்கும், தூக்கம் கெடும். சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்து ஆள் மறுபடி பற்றவைத்துவிடுவார். ஆகவே டீயைப் பாதியாக்கச் சொன்னார் அந்த அம்மா. சிகரெட்டை விடச் சம்மதித்த மனிதர் இதற்குத்தான் முகம் சுளித்தார்.

நண்பருக்கு வயது 46. “இனிமே விட்டு என்ன சார்?” என்று வழியில் கேட்டார். இந்த நாட்டு மருத்துவர்களையே ஐம்பது ஆண்டு பின்தொடர்ந்து ரிச்சர்ட் டால் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2004இல் போட்ட கணக்கைச் சொன்னேன். முப்பது வயதில் விட்டால் ஆயுளில் சுமார் பத்து ஆண்டு மிஞ்சும், நாற்பதில் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில்கூட மூன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொல்லிவிட்டார். மனைவி தேதியை மட்டும் கேட்டுக்கொண்டாராம். ஊரிலிருக்கும் அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் சொல்ல, அவர் பழனி முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டார். மொட்டை மகனுக்குத்தான். போலந்துக்காரர் சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறார். இரவு இரண்டு மணிக்கு எனக்கு வரும் போன்கள் குறைந்து வருகின்றன. சென்ற வாரம் கருவி காட்டிய எண் 3.

தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு: இந்தியாவில் விற்கும் சிகரெட் பெட்டியிலேயே, புகையை விட உதவும் 1800-11-2356 என்ற எண் அச்சிட்டிருக்கும். கட்டணமில்லாத அழைப்பு. கூப்பிடுமுன் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் வந்து விடப்போகிறேன் என்றால், “நீயாவது, விடறதாவது” என்று தயவுசெய்து சிரிக்காதீர்கள். நான் என்ன செய்யணும் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் லண்டன் நண்பன்