பிரியதத்தம்

கருமாரியம்மன் கோயில் கூட்டம் கரைந்து திருவேற்காட்டுத் தெருக்கள் அடங்கிய பிறகுதான் எனக்கு வகுப்பு. வகுப்பு என்றால் சாப்பாட்டு மேசையும் மடிக்கணினியும்தான். பகலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணக்கு வேலை. இரவில், பிரான்சின் துலூஸ் நகரிலிருந்து தோமினிக்கன் சபையார் நடத்தும் தொமுனி இணையவழிப் பல்கலைக்கழகத்தில் இறையியல் முதுகலை. அந்தச் சபை இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் திருப்பண்டங்கள் இருப்பதும் அதே துலூசில்தான். அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் கலைந்துவிடும்.

அருளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. தாமஸ் தம் 'இறையியல் தொகுப்பில்' அருளுக்கென்று 109 முதல் 114 வரை ஆறு வினாக்களை வைக்கிறார். நான் 110-லேயே மூன்று வாரம் நின்றுவிட்டேன். 'கிராத்சியா' என்ற இலத்தீன் சொல் வழக்கில் மூன்று பொருள் தரும் என்கிறார்: ஒருவர்மேல் வைக்கும் பிரியம், விலையில்லாமல் கொடுக்கும் கொடை, பெற்றவர் காட்டும் நன்றி. பிரியத்திலிருந்து கொடை பிறக்கிறது, கொடையிலிருந்து நன்றி.

எந்தப் பத்தியையும் முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பேன். தமிழில் நிற்காதது எனக்குப் புரியாதது. 'அருள்' என்று எழுதினேன். தடங்கலே இல்லாமல் ஓடியது. அதனால்தான் சந்தேகம் வந்தது. இது எங்கள் ஊரில் ஆழமான சொல். அம்மன் முன்னால் அருள் வந்து ஆடுகிறார்கள். சம்பந்தர் பாடிய வேதபுரீசுவரர் இங்கேதான் இருக்கிறார். சைவ சித்தாந்தத்தில் அருளல் இறைவனின் ஐந்தொழில்களில் ஒன்று. அந்த ஆழம் எனக்கும் வேண்டும். ஆனால் கை நீட்டிக் கொடுப்பதை அந்தச் சொல்லில் என்னால் பார்க்க முடியவில்லை.

ஆயாவின் செபமாலை நினைவுக்கு வந்தது. பழைய மங்கள வார்த்தை செபத்தில் அருள் என்ற சொல் இல்லை, 'பிரியதத்தம்' என்றிருக்கும். சின்ன வயதில் அது எனக்கு வெறும் ஓசை. அன்று இரவு பிரித்து எழுதினேன்: பிரியம், தத்தம். பிரியத்தோடு கொடுத்தது. தாமஸ் சொன்ன முதல் இரண்டும் ஆயாவின் வாயில் ஒரே சொல்லாக இருந்திருக்கின்றன!

விசுவாசத்துக்குத் தமிழ்ச் சொல் தேடிய கதை பழையது. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற மறைக்கல்வி நூலில் போர்த்துக்கீசியச் சொற்கள் பலவும் அப்படியே வந்தன. 1606-ல் மதுரைக்கு வந்து 1656-ல் மயிலாப்பூரில் இறந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, விசுவாசத்தைத் தமிழில் சிந்திக்கப் பாடுபட்டார். அந்தப் பாடுகளையெல்லாம் நான் வரலாற்றுப் பாடமாக மட்டும் படித்திருந்தேன்.

கட்டுரையின் அடிக்குறிப்பில் பிரியதத்தத்தை விளக்கி அனுப்பினேன். திருத்திய ஆசிரியர் ஓரத்தில் ஒன்றே கேட்டிருந்தார்: மூன்றாவது எங்கே?

ஞாயிறு திருப்பலியில் வரிசை நகர்ந்தது. 'யூக்கரிஸ்தியா' என்றால் கிரேக்கத்தில் நன்றி. அதற்குள் இருக்கும் 'காரிஸ்' என்ற சொல்லுக்கு அருள் என்று பொருள். யூக்கரிஸ்தியாவை நாம் நற்கருணை என்கிறோம். நல், கருணை. எனக்கு முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள். கையை நீட்டினேன்.