தேய்ந்த தட்டு

இசைத்தட்டு சேகரிப்போர் கீறல் விழாத தட்டையே தேடுவார்கள். சித்தேரி மலையில் உபாத்தியாயர் வேலை பார்க்கும் அடியேனுடைய பைத்தியம் வேறு தினுசு. தேய்ந்த தட்டுதான் வேண்டும்!

நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்த எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல், 27 வயதிலேயே காலமானார். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அரக்குத் தட்டுகளில், பக்கத்துக்கு மூன்று நிமிஷமாக, அவருடைய சாரீரம் தங்கியிருக்கிறது. என்னிடமுள்ள தட்டில் ஒரு பக்கம் பளபளக்கிறது. மறுபக்கமோ எஃகு ஊசி உழுது உழுது வெளுத்துவிட்டது. முன்பின் அறியாத ஏதோ ஒரு வீட்டில் அந்தப் பாட்டுத்தான் தினந்தோறும் ஒலித்திருக்க வேண்டும். அடுக்களையிலிருந்து, "இன்னொரு தடவை வையுங்கள்" என்று கேட்டது யாரோ?

கைபேசியில் இப்பாட்டு இரைச்சலின்றிக் கிடைக்கிறது, வாஸ்தவம். ஆயினும் விளக்கு வைத்ததும் என் மனைவி இந்தத் தட்டைத்தான் வைக்கச் சொல்லுகிறாள். ஒவ்வொரு தடவையும் கிட்டப்பாவின் குரலில் ஒரு துளி ஊசியோடு போய்விடுகிறது. தெரிந்தேதான் வைக்கிறேன்.