எறும்பும் உயர்திணை

ஒரகடத்திலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் ஒரு காலை பேருந்துக்காகக் காத்திருந்தேன். அருகே ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்: "பத்து கேட்டீங்க, ஒன்பது வந்திருக்கு. ரெண்டு புதுசு. ஒண்ணு ஓடிப்போச்சு." இயந்திர உறுப்புகளைப் பற்றிய பேச்சு என்றெண்ணினேன். வேனிலிருந்து இறங்கிய ஒன்பதின்மருள் ஒருவன் என்னைக் கண்டு, "ஐயா" என்று ஓடி வந்தான். என் பழைய மாணவன்!

உயர்திணை, அஃறிணை என்று அவனுக்கு வகுப்பில் உரைத்தவன் நான். மக்களென்று கருதப்படுவோர் உயர்திணை, பிற யாவும் அஃறிணை எனச் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே தொல்காப்பியர் வகுத்துவிடுகிறார். ஆயினும், மக்களைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களையும் அவரே தொகுத்துத் தருகிறார். குழவி, விருந்து, அரசு, குழு ஆகியவற்றோடு 'அடிமை' என்னும் சொல்லும் அங்கே நிற்கிறது. குழவி அழுதது என்பதில் அன்பு உண்டு. 'ஒன்பது வந்திருக்கு' என்பதில் எது உண்டு?

இராமாநுசர் பிறந்த திருப்பெரும்புதூரில், கோயிலில் ஆழ்வார்களின் தமிழ் வழிபாட்டு மொழியாக ஒலிக்கிறது. பள்ளிவாசலில் அரபு ஒலிக்கிறது. தொன்மையான இவ்விரு மொழிகளும் பெயர்களை வகை பிரிப்பவை. அறிவுடையவை, அறிவில்லாதவை என்பது அரபு இலக்கணத்தாரின் பகுப்பு. அறிவில்லாதவற்றின் பன்மைப் பெயர், பெரும்பாலும் பெண்பால் ஒருமை முடிபையே ஏற்கும்.

ஆனால் திருக்குர்ஆனின் 27ஆம் அத்தியாயத்தில், நபி சுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்ட எறும்பொன்று, உறைவிடங்களுக்குள் புகுந்துவிடுமாறு தன் இனத்தை எச்சரிக்கிறது. அவ்வேவல் வினை மனிதர்க்குரிய பன்மையில் அமைந்துள்ளது. எறும்புக்குப் பேச்சும் அறிவும் அளிக்கப்பட்டமையால் அம்முடிபு வந்தது என்பர் விரிவுரையாளர். காலடியில் நசுங்கும் உயிரைக்கூட இறைமறை உயர்த்திப் பேசுகிறது. நாமோ பேசும் மனிதனைத் தாழ்த்திப் பேசுகிறோம்.

ஒப்பந்தக்காரரை மட்டும் குறை கூற எனக்குத் தகுதியில்லை. என் வீடு கட்டிய நாட்களில், "இன்றைக்கு நாலுதான் வந்தது" என்று நானும் அலுத்துக்கொண்டவனே. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைப்போரின் பெயரைக் கேட்டறியவும் எனக்கு அன்று தோன்றவில்லை.

மாணவச் செல்வங்களே, திணைவழு தேர்வில் ஒரு மதிப்பெண்ணைக் குறைக்கும். வாழ்வில் அது ஒரு மனிதனையே குறைத்துவிடும். நாளை உங்களுள் சிலர் அவ்வேனிலிருந்து இறங்கலாம்; சிலர் இறங்குவோரை எண்ணிக் கணக்கெழுதலாம். எண்ணும்போது, 'ஒன்பது பேர் வந்தார்கள்' என்று எழுதுங்கள்.