கதவுக்கு அடியால் வரும் குளிர்



ஊரில் இப்போது வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு எங்கள் முன்வாசல் கதவின் கதையைச் சொல்லவேண்டும்.

மடவளையில் எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. ஜனவரி விடியலில் நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து வரும் காற்று நேரே வாசலில் மோதும். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரம். கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ரசிக்கும் குளிர்தான். ஆனால் சுபஹுக்கு எழும்பி முன்மண்டபத்தில் தொழும் உம்மாவுக்கு அது தாங்கவில்லை. இருமல் நிற்கவேயில்லை. பழைய சாரம் ஒன்றைச் சுருட்டிக் கதவடியில் வைத்தோம். யாராவது கதவைத் திறந்து போனால், திரும்ப அதைச் சரியாக வைக்க உம்மாதான் குனிவார்.

குடிபுகுந்து மூன்று மாதம்தான். பாஸை ஏசாத நாளில்லை. அவருடைய கடைசித் தவணைக் காசையும் நிறுத்தி வைத்திருந்தோம்.

ஒரு நாள் இரவு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தோம். புகை ஆடிய இடமெல்லாம் பென்சிலால் குறித்தோம். கதவடியில் மட்டுமல்ல, நிலைக்கும் சுவருக்கும் இடையிலும் காற்று வந்தது.

மறுநாள் வத்தேகமையிலிருந்து வயதான தச்சர் ஒருவர் வந்தார். கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது காயாத மரம் சேர். மழைக்குள்ள சீவி மாட்டியிருக்கு" என்றார்.

எங்களுக்குச் சுருக்கென்றது. நவம்பர் மழையில், "மரம் காயவில்லை, இரண்டு மாதம் பொறுங்கள்" என்று பாஸ் சொல்லியிருந்தார். தங்கச்சியின் நிக்காஹ்வுக்கு முன் கதவு போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நாங்கள்தான். ஈரத்தில் ஊதியிருந்த கதவு நிலைக்குள் இறுகியது, அவர் சீவினார். வெயில் வந்ததும் மரம் அகலவாக்கில் சுருங்கியது, இடைவெளி விழுந்தது.

அவர் பக்கமும் பிழை உண்டு. கதவின் மேல், கீழ் விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசவில்லை. ஈரம் அந்த வழியாகத்தான் அதிகம் ஏறும். நிலையைச் சுற்றிய இடைவெளிக்கு வெறும் சீமெந்து அப்பியிருந்தார். மரம் சுருங்கும்போது சீமெந்து கூட வராது, வெடித்து விலகும்.

வேலை ஒரு பகலில் முடிந்தது. தளர்ந்த பிணைச்சல்களை முறுக்கி, வெடித்த சீமெந்தைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் சிலிக்கன் நிரப்பினார். நிலையின் உள்விளிம்பில் நுரைப் பட்டி, கதவடியில் ரப்பர் பட்டி. கதவைக் கழற்றி மேலும் கீழும் வார்னிஷ் அடித்தார்.

குசினிக் கதவையும் அப்படியே அடைக்கச் சொன்னோம். அவர் மறுத்துவிட்டார். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். 2021 இறுதியில் நாடு முழுக்க நடந்த அடுப்பு வெடிப்புகள் நினைவிருக்குமே. குசினியில் கதவடி இடைவெளியையும் மேலேயுள்ள காற்றுத் துளைகளையும் அப்படியே விட்டோம்.

பாஸைக் கூப்பிட்டுக் கதவைக் காட்டினோம். தன் பிழையை அவர் ஏற்றுக்கொண்டார், எங்கள் அவசரத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். திருத்திய செலவில் பாதியைக் கழித்து மீதிக் காசைக் கொடுத்தோம். வேலை அவருக்கு அமானிதம் என்றால், கூலி எங்களுக்கு அமானிதம்.

கட்டுபவர்களே, மரம் காய்ந்ததா என்று கேளுங்கள். காயவில்லை என்றால் கல்யாணத்துக்காகக்கூட அவசரப்படுத்தாதீர்கள். அதுவரை பலகைக் கதவு ஒன்று போதும்.

உம்மாவின் இருமல் முழுதாக நிற்கவில்லை. ஆனால் சாரம் அலுமாரிக்குப் போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ்.